எம்1டிஆர் மில்லிங்ல தேக்கு ஓட்டலாமா?

ஆவாரம்பாளையம்_ஜாப்வொர்க்:

எல்லாருக்கும் வணக்கமுங்க. ஆவாரம்பாளையத்துல சின்னதா ஜாப்வொர்க் பட்டறை வெச்சிருக்கேன். ரெண்டு லேத், ஒரு எம்1டிஆர் மில்லிங் (கட்டர் சுத்தி இரும்பை வெட்டற மிஷின்), ஒரு டிரில்லிங். முக்கால்வாசி பம்ப் ஜாப்தான். மில்லிங் ஐஎஸ்ஓ 40 டேப்பர், கட்டரைப் புடிக்க ஈஆர்32 கோலெட் சக் இருக்கு. பெல்ட்டை மாத்திப் போட்டா மேல் வேகம் நிமிஷத்துக்கு 2700 சுத்து. ஸ்க்ரூ 5 மி.மீ. பிட்ச், எக்ஸ், ஒய் ரெண்டுக்கும் டிஆர்ஓ (டேபிள் நகர்ந்த அளவைக் காட்டற டிஸ்ப்ளே) இருக்கு.

இப்ப என்னன்னா, மச்சான் வீடு கட்டறாரு. காரைக்குடிப் பக்கம் இடிச்ச வீட்டுல இருந்து பழைய பர்மா தேக்குச் சட்டமா வாங்கி இறக்கி வெச்சிருக்காரு. ஜன்னல் சட்டத்துக்கு மார்ட்டிஸ் துளை (அடுத்த சட்டத்தோட நாக்கு உக்கார்ற துளை) போடணும், கண்ணாடி உக்கார காடி எடுக்கணும், சாப்பாட்டு மேஜைக்கு மேல் பலகையை மட்டம் தட்டணும். "அவ்ளோ பெரிய மிஷினை வெச்சுக்கிட்டு ஆசாரிய தேடச் சொல்றியே"ன்னு கேக்கறாரு. என்ன பதில் சொல்றது?

எனக்குத் தெரிய வேண்டியது: 2700 வேகம் மரத்துக்குப் பத்துமா? கடையில கிடைக்கிற ரௌட்டர் பிட்டை கோலெட்ல புடிச்சு ஓட்டலாமா, இல்ல நம்ம எண்ட் மில்லே போதுமா? மரத்தூள் பெட்டுக்குள்ள போனா மிஷின் கெட்டுப் போகும்னு எங்கப்பா சண்டைக்கு வர்றாரு, அது நிஜமா? ஃபவுண்டரி வெச்சிருக்கிற கஸ்டமர் ஒருத்தரு சின்ன பேட்டர்ன் (மணல்ல வார்ப்பு அச்சு எடுக்கிற மர மாதிரி) ஒண்ணும் பண்ணித் தர முடியுமான்னு கேட்டிருக்காரு. அதனால ஒரு தடவைக்கு மட்டும் இல்லீங்க, தொடர்ந்து ஓட்டலாமான்னுதான் கேக்கறேன்.

ரௌட்டர்_ரசிகன்:

வேண்டாம் ப்ரோ. மரத்துக்கு 18,000, 20,000 வேணும். 2700-ல வெட்டினா பிச்சுக்கிட்டுத்தான் வரும். ஒரு கை ரௌட்டரும் ஒரு டிரிம்மரும் வாங்கிப் போடுங்க, கதை முடிஞ்சது. லட்சக்கணக்குல போட்ட மிஷின்ல மரத்தை ஓட்டறது பாவம்.

பழைய பேட்டர்ன்காரன்:

தம்பி, தாராளமா ஓட்டலாமுங்க. ஆனா எல்லா வேலைக்கும் இல்லை. எதுக்கு ஆகும், எதுக்கு ஆகாதுன்னு பிரிச்சுச் சொல்றேன். நான் சிங்காநல்லூர்ப் பக்கம் பேட்டர்ன் ஷாப்புல வேலை பாத்தவன். மரத்தை மில்லிங்ல போடறது எனக்கு அதிசயம் இல்லை, அதுலதான் சோறு தின்னேன்.

முதல்ல பாவம்ங்கற பேச்சு. நீங்க வெச்சிருக்கிற மாடல் மிஷினுக்கு மூலம் அமெரிக்காவுல பிரிட்ஜ்போர்ட்ங்கற ஊர்ல 1938-ல வந்த டரட் மில்லிங். அதைக் கொண்டு வந்த ருடால்ஃப் பானோவ், மேக்னஸ் வால்ஸ்ட்ராம் ரெண்டு பேரும் சுவீடன்ல இருந்து பொழைக்கப் போனவங்க. பானோவ் தொழில்ல பேட்டர்ன் மேக்கர். அவங்க நடத்தின பட்டறைக்குப் பேரே பிரிட்ஜ்போர்ட் பேட்டர்ன் அண்ட் மாடல் ஒர்க்ஸ். தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்ச்சு, ராமை (தலையைத் தாங்கற மேல் கையை) முன்ன இழுத்து, பின்ன தள்ளி வேலை செய்யற அமைப்பைப் பாத்தாலே பேட்டர்ன்காரன் கை பட்ட மிஷின்னு தெரியும். இங்கிலாந்துல லெஸ்டர் நகரத்து வாட்கின் கம்பெனி பேட்டர்ன் மில்லிங்னே தனியா மிஷின் போட்டு வித்துச்சு. மரத்தை அதுல போட்டா அதுக்கு ஒண்ணும் மரியாதை கொறையாது.

இப்ப வேகம். மேல சொன்ன தம்பி சொல்றதுல பாதி சரி. 12 மி.மீ. கட்டரை 2700-ல சுத்தினா அதோட முனை ஓடற வேகம் நிமிஷத்துக்கு 102 மீட்டர். அதே கட்டர் ரௌட்டர்ல 18,000 சுத்தினா 680 மீட்டர். நம்மது ஆறுல ஒரு பங்குக்கும் கம்மி. அதனால ரௌட்டர் தர்ற வழவழப்பை எதிர்பாக்காதீங்க. ஆனா மரம் பிச்சுக்கிட்டு வர்றதுக்கு வேகம் மட்டும் காரணம் இல்லை. கட்டரோட கூர், பல் எண்ணிக்கை, நீங்க தள்ளற வேகம், மரத்தோட ஓட்டம், இந்த நாலும் சேந்துதான் முகம் வருது.

நெறையப் பேரு இடறது பல் எண்ணிக்கையிலதான். இரும்புக்கு வெச்சிருக்கிற நாலு பல் எண்ட் மில்லை எடுத்துப் போடுவாங்க. கணக்கு போட்டுப் பாருங்க. 2700 சுத்து, நாலு பல்லுன்னா நிமிஷத்துக்கு 10,800 வெட்டு. இரும்புக்குச் சுத்தற பழக்கத்துல ஹேண்டிலை நிமிஷத்துக்கு 40 சுத்து சுத்தினா டேபிள் 200 மி.மீ. நகரும். ஒரு பல்லுக்குக் கிடைக்கிறது 0.02-க்கும் கம்மி. அது வெட்டறது இல்லை, தேய்க்கறது. சீவல் வராது, மாவுதான் வரும். கட்டர் சூடாகி மரம் கருகும். "மில்லிங்ல மரம் கருகுது"ன்னு சொல்றவங்க தள்ளற வேகம் ஜாஸ்தியாகிப் போச்சுன்னு நெனச்சுக்கறாங்க, அப்புறமேல் தள்ளறதைக் கொறைச்சு இன்னும் கெடுத்துக்கறாங்க.

ரெண்டு பல் ஸ்லாட் டிரில் போடுங்க. அதைவிட நல்லது, அலுமினியத்துக்குன்னு வர்ற கார்பைடு கட்டர். பல்லு நல்லா சாய்ஞ்சு, கூரா, காடி பளபளன்னு பாலிஷ் போட்டு இருக்கும். மரத்துக்கு அருமையா போகும். ரெண்டு பல்லுன்னா 5400 வெட்டு. ஹேண்டிலை நிமிஷத்துக்கு 100 சுத்து சுத்தினா 500 மி.மீ. நகரும், பல்லுக்கு 0.09 கிடைக்கும். அப்பத்தான் சீவல் சீவலா வரும், கையில எடுத்தா சூடு இருக்காது. நூறு சுத்துங்கறது செகண்டுக்கு ஒண்ணே முக்கால் சுத்து, தோள் கழண்டுரும். பவர் ஃபீட் இருந்தா அதைப் போட்டுருங்க. இல்லீன்னா பையனைக் கூட வெச்சுக்குங்க.

ரௌட்டர் பிட் போடலாமுங்க. கால் இஞ்ச் ஷாங்க்னா 6.35, அரை இஞ்ச்னா 12.7. ஈஆர்32-ல 7-6 கோலெட்லயும் 13-12 கோலெட்லயும் ஒழுங்கா உக்காரும். 12-11 கோலெட்ல 12.7-ஐ அடிச்சு ஏத்தாதீங்க. டிரில் சக்குல புடிச்சு சைடு வெட்டு எடுக்கவே கூடாது, பக்கவாட்டு இழுப்புல சக்கு டேப்பரை விட்டுக் கழண்டு பறந்துரும்.

ஒரு விஷயம் வேடிக்கையா இருக்கும் பாருங்க. 12 மி.மீ. கட்டர் 18,000-ல ஓடற முனை வேகமும், 80 மி.மீ. ஃபேஸ் மில் 2700-ல ஓடற முனை வேகமும் ஒண்ணேதான். பெருக்கிப் பாருங்க, ரெண்டும் 2,16,000. அதனால அலுமினிய இன்சர்ட் போட்ட 80 ஃபேஸ் மில் மரத்து மேல ஓட்டினீங்கன்னா முகம் இழைப்புளி போட்ட மாதிரி வரும். கட்டர்ல அதிகபட்ச வேகம் பொறிச்சிருப்பான், பாத்துட்டு ஓட்டுங்க. ஒத்தை டூல் புடிக்கிற ஃப்ளை கட்டரை மட்டும் அந்த வேகத்துல சுத்தாதீங்க. ஒரு பக்கம் கனம், மிஷினே ஆடும், டூல் கழண்டா வயித்துலதான் வந்து ஏறும்.

இப்ப மார்ட்டிஸ். இதுக்கு மில்லிங்கை அடிச்சுக்க ஆள் இல்லை. நான் பண்ற முறை சொல்றேன். வைஸ் ஜாவுக்கு ரெண்டு பக்கமும் 6 மி.மீ. ப்ளைவுட் துண்டு ஒட்டிருங்க, இல்லீன்னா ஜாவோட வரி தேக்குல பதிஞ்சுரும், உப்புத்தாள் போட்டாலும் போகாது. சட்டத்தை பேரலல் மேல உக்கார வெச்சு அளவா இறுக்குங்க. இரும்பு ஜாப்புக்கு இறுக்கற மாதிரி இறுக்கினா மரம் நசுங்கி, ஜாவை விட்டதும் விரியும், துளை அளவு மாறும். மேல் முகத்துல துளையோட நாலு விளிம்பையும் முன்னாடியே கத்தியால கீறிக்குங்க. கீறின நார் அங்கேயே அறுந்து நிக்கும், கட்டர் தூக்கிக்கிட்டுப் போகாது. நடு முள் இருக்கிற மரத் துளைப்பான் 11 மி.மீ. வாங்கி, டிஆர்ஓ பாத்து வரிசையா துளை போட்டுட்டு, வேகம் 1500 வெச்சுக்குங்க போதும், அப்புறம் 12 ஸ்லாட் டிரில்லால ரெண்டு பக்கச் சுவரையும் சுத்தம் பண்ணுங்க. முழு ஆழத்தையும் ஒட்டுக்கா எடுக்காதீங்க, அஞ்சஞ்சு மி.மீ.யா இறங்குங்க. குயில் (ஸ்பிண்டிலோட சேந்து மேல கீழ இறங்கற குழல்) ஸ்டாப்பை ஆழத்துக்கு, டேபிள் ஸ்டாப்பரை நீளத்துக்குக் கட்டிட்டீங்கன்னா அடுத்த சட்டத்துக்கு அளக்கவே வேண்டாம். மூலை உருண்டையா நிக்கும். உளியால சதுரம் எடுக்கலாம், இல்ல நாக்கோட மூலையை அரத்தால உருட்டிக்கலாம். நான் உளிதான்.

அளவுல வெறி வேண்டாம். டிஆர்ஓ 0.005 காட்டுதேன்னு அதுக்குப் புடிக்கப் போகாதீங்க. தேக்கே 100 மி.மீ. அகலத்துக்கு, ஈரம் ஒரு சதவீதம் ஏறினா ஏறக்குறைய 0.2 விரியும். நாக்குக்கும் துளைக்கும் 0.1, 0.15 இடைவெளி விட்டாத்தான் பசையும் உள்ள போகும்.

மேஜைப் பலகை வேலையை வாங்கிக்காதீங்க. எக்ஸ்ல எழுநூறு சொச்சம், ஒய்ல முந்நூறு கூட வராது. எடுத்து எடுத்து மாத்தி வெச்சு ஓட்டினா ஒவ்வொரு சேர்க்கையிலயும் படி நிக்கும். மரப்பட்டறையில பிளேனிங் மிஷின்ல விட்டா ஒரு டீ குடிக்கிற நேரத்துல முடிச்சுக் குடுத்துருவான்.

அப்பா சொல்றது நிஜமுங்க. அதை ராத்திரி எழுதறேன், கை வலிக்குது.

செங்கோட்டை_மரக்கடை:

அண்ணாச்சி எழுதினதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணும் இல்ல, ஆனா பழைய தேக்குன்னு தம்பி சொன்னதால ஒரு வார்த்தை. இடிச்ச வீட்டு மரத்துல ஆணி இல்லாத சட்டத்தை நான் பாத்ததே இல்ல. தலை உடைஞ்சு உள்ள நிக்கும், மேல வார்னிஷும் சுண்ணாம்பும் பூசி மூடிருக்கும், கண்ணுக்கே தெரியாது. முதல்ல மேல் தோலை ஒரு மி.மீ. கையால இழைச்சு எடுத்துப் பாருங்க. கருப்பா நீலமா வட்டம் தெரிஞ்சா அங்க இரும்பு இருக்குன்னு அர்த்தம். மரத்துல இருக்கிற துவர்ப்பும் இரும்பும் சேந்தா அப்படித்தான் கறுக்கும். கையில புடிக்கிற மெட்டல் டிடெக்டர் ஒண்ணு வாங்கிக்கிடுங்க, ஒரு கார்பைடு கட்டர் உடைஞ்சா அதோட காசு போயிரும்.

கட்டர் விஷயத்துல ஒரு இழுபறி உண்டு. தேக்குக்குள்ள மணல் சத்து இருக்கு, சிலிக்கா. எச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) கட்டர் சீக்கிரம் மழுங்கிரும். கார்பைடு தாங்கும், ஆனா ஆணி பட்டா பல்லு தெறிச்சுரும். நான் சந்தேகப்பட்ட சட்டத்துக்கு எச்எஸ்எஸ் போட்டு மழுங்க மழுங்கத் தீட்டிக்கிடுவேன். சுத்தமா இருக்கிற மரத்துக்குத்தான் கார்பைடு.

அப்புறம் இரும்பு ஓட்டின டேபிள்ல அப்படியே மரத்தை வெக்காதீங்க. எண்ணெய் பட்ட இடத்துல பாலிஷ் ஏறாது, மீன் கண்ணு மாதிரி வட்டம் வட்டமா விலகி நிக்கும். பொடி இரும்புச் சுருள் மரத்துல குத்தி நின்னா, பின்னாடி ஈரம் பட்டு அங்க கறுப்புப் புள்ளி வரும். பெட்டைத் துடைச்சுட்டு ஒரு எம்டிஎஃப் பலகையை டி-ஸ்லாட் போல்ட்டு வெச்சுப் புடிச்சு, அது மேல வேலை பாருங்க.

பழைய பேட்டர்ன்காரன்:

மரக்கடைக்காரர் சொன்ன எம்டிஎஃப் பலகை நூத்துக்கு நூறு சரி. அதுல கட்டர் கொஞ்சம் இறங்கினாலும் கவலை இல்லை. வெட்டு முடியற பக்கம் மரம் செதில் பேந்து போகுமே, அங்க ஒரு கழிவுக் கட்டையை அணைச்சு வெச்சுட்டீங்கன்னா அதுவும் நின்னுரும்.

தூள் விஷயத்துக்கு வர்றேன். ரெண்டு கெடுதல் இருக்கு. மரத்தூள் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்து வெச்சுக்கும். ராத்திரி பெட்டு மேல தூள் கெடந்தா காலையில அந்த இடம் துரு புடிச்சிருக்கும், தேக்கு, கருவேலன்னா இன்னும் மோசம். ரெண்டாவது, ஸ்லைடுல ஓடற எண்ணெயில தூள் கலந்து கெட்டிக் களியா ஆகி ஆயில் குரூவை அடைச்சுரும். நீங்க லூப்ரிகேஷன் பம்ப்பை அடிச்சுக்கிட்டே இருப்பீங்க, எண்ணெய் போக வேண்டிய இடத்துக்குப் போகாது. பெட்டு தேயறது அப்படித்தான்.

அதுக்கு வழி இருக்கு. வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி நீ (knee, டேபிளைத் தாங்கி மேல கீழ ஏத்தற பாகம்) பக்கத்து ஸ்லைடுக்கும் சேடிலுக்கும் ரப்பர் ஷீட் தொங்க விடுங்க. டேபிளுக்கு எண்ணெய் போடாம காஞ்ச துணியில துடைச்சு மெழுகு தேச்சுருங்க. சிலிகான் கலந்த ஸ்ப்ரே மட்டும் வேண்டாம், அது மரத்துல பட்டாலும் பாலிஷ் ஏறாது. கூலண்ட் டேங்குக்குப் போற ஓட்டையைத் துணி வெச்சு அடைச்சுருங்க, இல்லீன்னா தூள் போய் ஊறி பம்ப்பை அடைச்சுரும், தண்ணியும் நாறிப் போகும். வெட்டற இடத்துக்குப் பக்கத்துலயே வேக்குவம் ஓஸைக் கட்டிருங்க. ஏர் கன் எடுக்கவே கூடாது. இரும்புச் சுருளை ஊதற பழக்கத்துல நம்ம பசங்க மரத்தூளையும் ஊதுவாங்க, அது வைப்பருக்குள்ளயும் ஸ்க்ரூ நட்டுக்குள்ளயும் போய் உக்காந்துக்கும். முடிஞ்சதும் வேக்குவம், அப்புறம் மண்ணெண்ணெய்த் துணி, அப்புறம் ஆயில் பம்ப்பை ஓரத்துல சுத்தமான எண்ணெய் கசியற வரைக்கும் அடிங்க. அன்னைக்கே. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா உங்கப்பா சொன்னதுதான் நடக்கும்.

வேக்குவம் பத்தி ஒரு எச்சரிக்கை. கிரைண்டருக்குப் போட்ட டஸ்ட் கலெக்டரையே மரத்துக்கும் போடாதீங்க. பை முழுக்க மரத்தூள், அதுல கிரைண்டிங் பொறி ஒண்ணு போய் விழுந்தா உள்ளுக்குள்ளயே கனிஞ்சுக்கிட்டு இருந்து நடு ராத்திரியில புடிக்கும். மரத்துக்குத் தனி வேக்குவம், இரும்புக்குத் தனி.

அப்புறம் மூச்சு. கூலண்ட் ஆவியைச் சுவாசிச்சுப் பழகின நமக்கு மரத்தூள்னா ஏதோ சுத்தமானதுன்னு நெனப்பு. மரத்தூளை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1995-லயே முதல் வகைப் புற்றுநோய்க் காரணியில சேத்துருச்சு. தேக்குத்தூள் சிலருக்கு அரிப்பும் குடுக்கும். கைக்குட்டை கட்டறது பத்தாது, என்95 போடுங்க. ஆனா கையில கிளவுஸ் மட்டும் போட்டுக்கிட்டு மிஷின்கிட்ட நிக்காதீங்க.

ஆவாரம்பாளையம்_ஜாப்வொர்க்:

அண்ணா, இவ்ளோ பொறுமையா எழுதினதுக்கு நெம்ப நன்றிங்க. எங்கப்பாகிட்ட போனைக் குடுத்துப் படிக்கச் சொன்னேன். ரப்பர் ஷீட் வெட்டிக் கட்டினாத்தான் மரத்தை உள்ள விடுவேன்னுட்டாரு. மேஜைப் பலகை மரப்பட்டறைக்குப் போகுதுன்னு மச்சான்கிட்டயும் சொல்லியாச்சு, மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாரு, பரவால்ல.

ரெண்டு கேள்வி பாக்கி இருக்கு. மோட்டாருக்கு விஎஃப்டி (கரண்ட்டோட ஹெர்ட்ஸை மாத்தி வேகத்தை மாத்தற டிரைவ்) போட்டு 50-ல இருந்து 75 ஹெர்ட்ஸுக்கு ஏத்தினா வேகம் 4000 வருமே, பண்ணலாமா? அந்த பேட்டர்னைப் பத்தியும் கொஞ்சம் சொன்னீங்கன்னா நல்லாருக்கும். சின்ன ஃப்ளேஞ்சுங்க, நீளம் 200, உயரம் 50, வார்ப்பிரும்புல ஊத்தறது.

ஸ்பிண்டில்_பையன்:

விஎஃப்டிக்குப் பதிலா நான் பண்ணினதைச் சொல்றேன் அண்ணா. 30,000 சுத்தற கை டிரிம்மர் இருக்குல்ல, அதை ஒரு அலுமினியக் கட்டையில துளை போட்டுப் பொருத்தி, குயிலோட கீழ் வளையத்துல கிளாம்ப் போட்டுட்டேன். மிஷின் ஸ்பிண்டில் நிக்கும், மெயின் ஸ்விட்ச் ஆஃப். டிரிம்மர் மட்டும் ஓடும். டேபிளோட துல்லியம், ரௌட்டரோட வேகம், ரெண்டும் கிடைக்குது. ஆழத்துக்கு நீயைத்தான் தூக்கணும். 6 மி.மீ.க்குள்ள காடி, எழுத்து, பூ வேலைக்கு ரொம்ப நல்லா வருது. சத்தம்தான் காது கிழியும்.

பழைய பேட்டர்ன்காரன்:

ஸ்பிண்டில் தம்பி சொல்றது நல்ல யோசனை. கண்ணாடிக் காடிக்கு அதையே வெச்சுக்கலாம். விஎஃப்டி நான் வேண்டாம்பேன். 4000 ஏத்தினாலும் 12 கட்டருக்கு 150 மீட்டர்தான் வரும், 680 எங்க, 150 எங்க. அந்தக் கொஞ்சத்துக்காக பழைய ஸ்பிண்டில் பேரிங்கைச் சூடு பண்ண வேண்டாம். மோட்டார் ஃபேன் மூடின வகையா, திறந்த வகையான்னு மட்டும் பாத்துக்குங்க. திறந்திருந்தா தூளை உள்ள இழுக்கும்.

பேட்டர்னுக்கு வர்றேன், இதுதான் எனக்குப் புடிச்ச பேச்சு. வார்ப்பிரும்பு ஆறும்போது ஏறக்குறைய ஒரு சதவீதம் சுருங்கும். 200 வேணும்னா பேட்டர்ன் 202. அலுமினியம்னா 1.3 சதவீதம், 202.6. நாங்க இதுக்குன்னே தனி ஷ்ரிங்கேஜ் ஸ்கேல் வெச்சிருப்போம், சென்டிமீட்டரே கொஞ்சம் நீளமா அடிச்ச ஸ்கேல். சாதா ஸ்கேலோட அதைக் கலந்து வெச்சா குடி முழுகிரும், அதனால கைப்புடியில சிவப்பு பெயிண்ட் அடிச்சு வெச்சிருப்பாங்க. உங்களுக்கு அது வேண்டியதில்லை. சில டிஆர்ஓ மெனுவுலயே சுருக்கக் கணக்கு இருக்கும், 1.01 போட்டுட்டா படத்துல இருக்கிற அளவையே பாத்து வெட்டலாம். வேலை முடிஞ்சதும் மறக்காம 1-க்குக் கொண்டு வந்துருங்க, அடுத்த நாள் பம்ப் ஜாப் ஓட்டணுமே. மெஷினிங் பண்ற முகத்துக்கு அலவன்ஸ் தனியா சேக்கணும். அது எவ்ளோன்னு ஃபவுண்டரிக்காரர்கிட்டயே கேட்டுக்குங்க, அவங்க மணலைப் பொறுத்தது.

மணல்ல இருந்து பேட்டர்ன் கிழிக்காம வெளிய வரணும்னா பக்கச் சுவருக்கு டேப்பர் வேணும். மரத்துக்கு ஒன்றரை டிகிரி போதும். உயரம் 50-க்கு அது 1.3 மி.மீ. வரும். ஆசாரி இதைக் கண் பார்வையில இழைப்பாரு. மில்லிங்ல தலையை ஒன்றரை டிகிரி பக்கவாட்டுல சாய்ச்சு பூட்டிட்டு, ஒய் அச்சுல ஓட்டினீங்கன்னா சுவர் அப்படியே சாய்வா நிக்கும். ஒரு பக்கம் முடிஞ்சதும் தலையைத் தொடாம ஜாப்பைத் திருப்பி வெச்சு அடுத்த பக்கம். நாலு சுவரும் ஒரே சாய்வுல வரும். ஆனா கட்டர் அடி முகமும் சாய்ஞ்சிருக்கிறதால அடித்தளத்தை அதுலயே எடுக்காதீங்க. அது தலை நேரா இருக்கும்போது முன்னாடியே எடுத்துருங்க, இல்லீன்னா பேட்டர்னைத் தனியா வெட்டித் தட்டுப் பலகையில ஒட்டிருங்க. உள் குழி இருந்தா இந்த வித்தை எடுபடாது, டேப்பர் எண்ட் மில்தான் வாங்கணும். வேலை முடிஞ்சு தலையை நேர் பண்ணும்போது டிகிரி கோட்டை நம்பாம டயல் கேஜ் போட்டு ட்ராம் (தலை டேபிளுக்குச் செங்குத்தா நிக்குதான்னு) பாத்துருங்க.

மரம் தேக்கோ மகோகனியோ, நல்லா காஞ்சதா, கணு இல்லாததா பாருங்க. மச்சான் வீட்டுல மிச்சம் விழற துண்டே போதும். ஆணி மட்டும் பாத்துக்குங்க.

ஆவாரம்பாளையம்_ஜாப்வொர்க்:

முதல் ஜன்னல் சட்டம் முடிச்சுட்டேங்க. ஆணி நாலு மாட்டுச்சு, எல்லாம் டிடெக்டர்லயே தெரிஞ்சுருச்சு. அலுமினிய கட்டர் 12, ரெண்டு பல்லு, 2700. சீவல் சுருள் சுருளா வந்துச்சு, கருகலே இல்லை. துளையோட சுவர் வழவழன்னு இருக்கு, அடியில மட்டும் கொஞ்சம் சொரசொரப்பு. நாக்கைத் தட்டினதும் சிக்குனு உக்காந்துச்சு. ஆனா ஒரு துளையில மேல அளவு சரியா இருக்கு, அடிக்குப் போகப் போக அகலம் ஒரு 0.3 கூடுது. ஏன்னு தெரியல. பவர் ஃபீட்தான், கை சுத்தலை.

பழைய பேட்டர்ன்காரன்:

ஆழம் எவ்ளோ, கட்டர் கோலெட்டுக்கு வெளிய எவ்ளோ நீட்டியிருக்கு? 60, 70-ன்னா கட்டர் வளையுது. துளைப்பான் போட்டு மிச்சம் விட்டதை ரெண்டு பக்கமும் ஒரே அளவா எடுத்தீங்களா, இல்ல ஒரு பக்கம் ஜாஸ்தியா இருந்துச்சா? இன்னொண்ணு, அஞ்சஞ்சா இறங்கும்போது குயிலைப் பூட்டினீங்களான்னு பாருங்க. பூட்டாம விட்டா அது ஆடும். மார்ட்டிஸ் ஆழம் 40-க்குள்ள இருந்தா கட்டரை உள்ள தள்ளி 45 மட்டும் வெளிய வெச்சு ஓட்டுங்க, கடைசி சுத்தத்துக்கு 0.2 மட்டும் மிச்சம் வெச்சு முழு ஆழத்துல ஒரு தடவை விடுங்க. அதுக்கும் சரியாகலைன்னா துளையோட படம் போடுங்க.